துறைமுக ஊருக்கு மாறப் போறோம், பையனுக்கு வீசிங் இருக்கு... போகலாமா டாக்டர்?

ஒரு வாசகி நீளமா மெயில் அனுப்பியிருந்தாங்க. பேரு, ஊரு எல்லாத்தையும் எடுத்துட்டு சுருக்கமா சொல்றேன்.

அவங்க இருக்கிறது கடலுக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாத உள்நாட்டு ஊர். வீட்டுக்காரருக்கு ஒரு பெரிய துறைமுகத்துல கிரேன் மெயின்டனன்ஸ் வேலை கிடைச்சிருக்கு, ஷிஃப்ட் ட்யூட்டி. பையனுக்கு 7 வயசு, சின்னதுலேருந்தே வீசிங், அதாவது ஆஸ்துமா. காலையும் ராத்திரியும் ஸ்டீராய்டு இன்ஹேலர், ஸ்பேசர்ங்கிற குழாய் வெச்சு எடுத்துக்கிறான், ஏழெட்டு மாசமா பெரிய தொந்தரவு எதுவும் இல்ல. கம்பெனி குடுக்கிற குவார்ட்டர்ஸ் துறைமுக கேட்டுக்கு நேர் எதிர்ல, வாடகை கிடையாது. அது வேண்டாம்னா 7 கிலோமீட்டர் தள்ளி, மெயின் ரோட்டு மேலயே பஸ் வசதியோட ஒரு வாடகை வீடு பாத்து வெச்சிருக்காங்க. மூணாவது வழி, அவர் மட்டும் போய் வேலை பாக்கறது.

இதுக்கு நடுவுல மாமியார், "கடல் காத்து பட்டா வீசிங் தானா ஓடிடும், அந்த மருந்த அங்க போய் நிறுத்திடலாம்"ங்கிறாங்க. தம்பி அதுக்கு நேர் எதிரா, "அங்க நிலக்கரி இறங்குது, புள்ளையோட நுரையீரல கெடுத்துடாதீங்க"ன்னு சொல்லி, கூடவே பெய்ரூட் துறைமுகம் வெடிச்ச வீடியோவையும் அனுப்பியிருக்கார். கேள்வி மூணு: போகலாமா, எந்த வீடு, மருந்த நிறுத்தலாமா. கடைசில ஒரு வரி எழுதியிருக்காங்க, அதுதான் மொத்த மெயிலுக்கும் காரணமோன்னு எனக்குத் தோணுச்சு: "ராத்திரி பூரா கப்பல் சத்தம் கேக்குமாமே, அவர் நைட் ஷிஃப்ட் போனா நான் தனியா பையன வெச்சுக்கிட்டு எப்படி இருப்பேன்னு நினைச்சாலே பயமா இருக்கு."

சரிம்மா, ஒண்ணொண்ணா பாப்போம். போகலாமாங்கிறதுக்கு என் பதில், போகலாம், குடும்பமாவே போகலாம். ஆனா நீங்க கேட்ட ரெண்டு வீட்டுல எதுக்குமே நான் இப்போ ஓகே சொல்ல மாட்டேன். ஏன்னு கீழ சொல்றேன்.

மருந்து விஷயத்த முதல்ல முடிச்சிடுவோம்

மாமியார் சொல்றது முழுக்க கற்பனை இல்ல. நடுக்கடல்லேருந்து நேரா வர்ற காத்துல மகரந்தமும் புகையும் கம்மிதான், அதனால கடற்கரைல சில பசங்களுக்கு மூச்சு லேசா இருக்கிற மாதிரி இருக்கும். உப்புத் தண்ணிய ஆவியா இழுக்கிற வைத்தியமும் மருத்துவத்துல உண்டு, ஆனா அது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்ங்கிற வேற ஒரு நோய்க்கு. ஆஸ்துமா இருக்கறவங்க அடர்த்தியான உப்புத் தண்ணி ஆவிய இழுத்தா மூச்சுக்குழாய் இறுகிக்கும், அப்படி இறுகுதான்னு பாத்து ஆஸ்துமாவ கண்டுபிடிக்கிற டெஸ்ட் கூட இருக்கு. ஆக உப்புக் காத்து ஆஸ்துமாவுக்கு மருந்து இல்ல. கடல் காத்துல அயோடின் இருக்கு, அது நெஞ்ச சுத்தம் பண்ணும்னும் சொல்வாங்க, அதையும் விட்டுடுங்க.

பையன் ஏழெட்டு மாசமா நல்லா இருக்கான்னா அதுக்குக் காரணம் அந்த இன்ஹேலர்தான். நிறுத்தினா மறுநாளே எதுவும் தெரியாது, அதுதான் இதுல ஆபத்து, சில வாரம் கழிச்சு ஒரு சளி பிடிக்கும்போது மொத்தமா காட்டும், அப்போ எல்லாரும் ஊர குறை சொல்வாங்க. பழக்கமாயிடும்ங்கிற பயம் வேண்டாம், அது பழக்கமாகுற மருந்து இல்ல. வளர்த்திய பாதிக்குமான்னு கேட்டா, ரொம்ப வருஷம் எடுத்த பசங்களுக்கு கடைசி உயரத்துல ஒரு சென்டிமீட்டர் போல குறையலாம்னு ஆய்வு இருக்கு, அத மறைக்க மாட்டேன், ஆனா மூச்சு முட்டி ஆஸ்பத்திரில கிடக்கிறதோட அத ஒப்பிட்டுப் பாருங்க.

டோஸ குறைக்கவே கூடாதான்னா குறைக்கலாம். குறைஞ்சது மூணு மாசம் நல்லா கன்ட்ரோல்ல இருந்தா குறைச்சுப் பாக்கலாம்ங்கிறதுதான் முறை, உங்க பையன் அதுக்குத் தகுதியானவனாவே இருக்கலாம். ஆனா சளி இருக்கும்போதும் பயணத்துல இருக்கும்போதும் அந்தப் பரிசோதனைய ஆரம்பிக்கக் கூடாதுன்னும் அதே முறை சொல்லுது. ஊரு மாறுறது, ஸ்கூல் மாறுறது, காத்து மாறுறது எல்லாம் ஒரே நேரத்துல நடக்கும்போது மருந்தையும் மாத்தினா எதனால என்ன ஆச்சுன்னு கடவுளுக்குக் கூடத் தெரியாது. போய் செட்டில் ஆகி ஒரு மூணு நாலு மாசம் போகட்டும், அங்க ஒரு டாக்டர பிடிங்க, அவர் பாத்து முடிவு பண்ணட்டும்.

துறைமுகத்துக் காத்துல என்னதான் இருக்கு

தம்பி நிலக்கரிய மட்டும் பாக்கறார். நிலக்கரித் தூள் கண்ணுக்குத் தெரியும், பால்கனில கருப்பா படியும், அதனால எல்லாரும் அதைத்தான் திட்டுவாங்க. ஆனா அதுல பெரும்பகுதி பெரிய துகள், பக்கத்துலயே விழுந்துடும், மூக்குலயும் தொண்டைலயும் நின்னுடும். நுரையீரலோட அடி வரைக்கும் போறது பிஎம் 2.5ன்னு சொல்ற நுண்துகள், தலைமுடி கனத்துல இருபதுல ஒரு பங்குக்கும் கம்மி, கண்ணுக்கே தெரியாது. அது எரியுற எண்ணெய்லேருந்து வருது. கரைல கட்டியிருக்கிற கப்பல் சும்மா நிக்கறதில்ல, உள்ள லைட்டு, பம்ப்பு, குளிர்பதனம் எல்லாத்துக்கும் துணை இன்ஜின் ராத்திரி பகலா ஓடிட்டே இருக்கும். கப்பல் எண்ணெய்ல கந்தகம் முன்னாடி 3.5 சதவீதம் வரைக்கும் இருக்கலாம்னு விட்டிருந்தாங்க, 2020 ஜனவரிலேருந்து உலகம் பூரா 0.5 சதவீதம்னு குறைச்சாங்க. பெரிய முன்னேற்றம்தான், ஆனாலும் நல்ல ரகமான ரோட்டு டீசல்ல இருக்கறது 0.001 சதவீதம், அதோட பாத்தா இது இன்னும் 500 மடங்கு. கந்தகப் புகை ஆஸ்துமாக்காரங்களுக்கு, அதுலயும் ஓடி விளையாடிட்டு இருக்கிற பசங்களுக்கு, சில நிமிஷத்துலயே நெஞ்ச இறுக்கும். சில துறைமுகங்கள்ல ஷோர் பவர்னு கரைலேருந்தே கரண்ட் குடுத்து கப்பல் இன்ஜின அணைக்க வெக்கறாங்க. நீங்க போற எடத்துல அது இருக்கான்னு வீட்டுக்காரர கேளுங்க, கிரேன் பக்கம் இருக்கறவருக்கு ஒரு வாரத்துல தெரிஞ்சிடும்.

இதவிட நான் முக்கியமா நினைக்கறது சரக்கு. ஸ்பெயின் நாட்டு துறைமுக ஊரான பார்சிலோனால 1981லேருந்து 1987 வரைக்கும் திடீர் திடீர்னு ஒரே நாள்ல ஆஸ்துமா அட்டாக்கோட கூட்டம் கூட்டமா எமர்ஜென்சிக்கு வந்தாங்க, அப்படி 26 தடவ நடந்துச்சு. காத்துல புகை அளவப் பாத்தா புரியல. கடைசில 1985, 86 ரெண்டு வருஷத்துல அட்டாக் வந்த தேதிகளையும் துறைமுகத்துல எந்தக் கப்பல் என்ன இறக்குச்சுங்கிற கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாங்க, அந்த 13 நாளுமே சோயாபீன்ஸ் இறக்கின நாள். சோயா தோலோட தூசிதான் வில்லன். சேமிப்பு சைலோ ஒண்ணுல ஃபில்டர் இல்லாம தூசி ஊர் மேல பறந்திருக்கு, ஃபில்டர் போட்டதும் நின்னு போச்சு. நான் மாணவர்களுக்கு பாடம் எடுக்கும்போது தவறாம சொல்ற கதை இது.

உங்களுக்கு இதுல என்ன இருக்குன்னா, துறைமுக ஊரோட காத்து ஒரே காத்து இல்ல. எந்தக் கப்பல் நிக்குது, என்ன இறங்குது, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுங்கிறதப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும், தெருவுக்குத் தெரு மாறும். அதனால "துறைமுக ஊர் நல்லதா கெட்டதா"ன்னு கேட்டா பதிலே கிடையாது, "அந்தத் தெருல, அந்தப் பக்கத்துக் காத்துல"ன்னு கேட்டாதான் பதில் உண்டு.

பெய்ரூட் வீடியோ பத்தி ரெண்டு வரி. 2020 ஆகஸ்ட் 4 அங்க வெடிச்சது 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட், வருஷக்கணக்கா கவனிப்பே இல்லாம ஒரு கோடவுன்ல கிடந்த சரக்கு. எல்லா துறைமுகமும் அப்படி கிடையாது, ஆனா ஆபத்தான சரக்கு எங்க வெக்கறாங்க, நம்ம வீட்டுலேருந்து எவ்வளவு தூரம்னு தெரிஞ்சு வெச்சுக்கறதுல தப்பில்ல. அந்த வீடியோவ திரும்பத் திரும்பப் பாக்காதீங்க.

ரெண்டு வீட்டுலயும் எனக்கு என்ன பிரச்சனை

கேட்டுக்கு எதிர்ல இருக்கிற குவார்ட்டர்ஸ் இந்தப் பையனுக்கு வேண்டாம். கப்பல் புகைய விட கேட்டுல வரிசைல நிக்கிற டிரெய்லர் லாரிதான் அங்க பெரிய தொல்லை, இன்ஜின அணைக்காம மணிக்கணக்கா உறுமிட்டு நிக்கும். டீசல் புகைய 2012லயே உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வுப் பிரிவு புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியா வகைப்படுத்திடுச்சு. வாடகை மிச்சம்ங்கிறது புரியுது, ஆனா வேண்டாம்.

7 கிலோமீட்டர் வீட்டுல நீங்க தூரத்த மட்டும் பாத்துட்டீங்க. மெயின் ரோட்டு மேலன்னு எழுதியிருக்கீங்களே, அந்த ரோடு எங்க போகுது? துறைமுகத்துக்குப் போற ரோடுன்னா கேட்டுல நிக்கிற அதே லாரிங்கதான் உங்க ஜன்னலத் தாண்டிப் போகும். ரோட்டோரப் புகை ரோட்டுலேருந்து ஒரு 150, 200 மீட்டர் தள்ளினாலே நல்லா குறைஞ்சிடும், அதனால அதே ஏரியால ரெண்டு மூணு தெரு உள்ள தள்ளி வீடு கிடைக்குமான்னு பாருங்க. பஸ்ஸுக்கு அஞ்சு நிமிஷம் நடக்கணும், அவ்வளவுதானே.

அடுத்தது காத்து. பகல்ல தரை சீக்கிரம் சூடாகறதால காத்து கடல்லேருந்து கரைக்கு அடிக்கும், மதியத்துக்கு மேல வேகமா இருக்கும். ராத்திரி திரும்பி கரைலேருந்து கடலுக்குப் போகும். ஆக துறைமுகத்துக்கு நேர் பின்னாடி, உள்பக்கமா இருக்கிற வீட்டுக்கு பகல் பூரா துறைமுகக் காத்து. அதே கரையோரமா பக்கவாட்டுல தள்ளி, முன்னாடி திறந்த கடல் இருக்கிற வீட்டுக்கு பகல்ல நல்ல காத்து. காலைல காத்து திசை மாறுறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் அசையாம நிக்கும், ராத்திரி கடலுக்குப் போன புகை திரும்பி வர்றதும் அப்போதான், அந்த நேரத்துல ஜன்னல சாத்தி வைங்க. வருஷத்துல சில மாசம் பருவக்காத்து இந்தக் கணக்க மொத்தமா மாத்திடும், அத அந்த ஊர்க்காரங்கதான் சொல்லுவாங்க, டீக்கடைல கேட்டாக்கூட சொல்லுவாங்க.

வீட்டப் பாக்கப் போகும்போது ஒண்ணு பண்ணுங்க. வெளி ஜன்னல் விளிம்ப ஈரத்துணியால சுத்தமா துடைச்சுட்டு, மறுநாள் அதே எடத்த வெள்ளைத் துணியால துடைச்சுப் பாருங்க. வெள்ளையா பிசுபிசுன்னு இருந்து தண்ணில கரைஞ்சா உப்பு, அது கதவுக் கீலையும் ஏசியையும்தான் தின்னும், பையன ஒண்ணும் பண்ணாது. விரல்ல உருட்டினா மணல் மாதிரி நறநறன்னு கருப்பா இருந்தா நிலக்கரி, செம்மண் கலர்ல இருந்தா இரும்புத்தாதா இருக்கலாம். கருப்பா இழுவி, சோப்பு போட்டாதான் போகும்ங்கிற மாதிரி இருந்தா அது எண்ணெய்ப் புகைக்கரி, அந்த வீடு வேண்டாம். துணி சுத்தமா இருக்குங்கிறதுக்காக காத்து சுத்தம்னு அர்த்தம் இல்ல, நுண்துகள் இதுல சிக்காது, அதுக்கு மீட்டர் ரீடிங் வேணும். உலக சுகாதார நிறுவனம் 2021ல சொன்ன அளவு பிஎம் 2.5க்கு வருஷ சராசரி ஒரு கன மீட்டர் காத்துல 5 மைக்ரோகிராம், ஒரு நாள் சராசரி 15. உலகத்துல பெரும்பாலான ஊர் இதத் தாண்டித்தான் இருக்கு, இப்போ நீங்க இருக்கிற ஊரும் தாண்டியிருக்கும், அதனால ரெண்டு ஊரையும் பக்கத்துல வெச்சு ஒப்பிடுங்க, அளவோட மட்டும் ஒப்பிட்டு பயந்துடாதீங்க.

வீட்டுக்குள்ள ஒரு எதிரி இருக்கு, அத யாருமே உங்களுக்கு சொல்லல. கடலோரத்துல ஈரப்பதம் ஜாஸ்தி, மெத்தைல தலகாணில இருக்கிற தூசிப்பூச்சிக்கு அந்த ஈரம்தான் உயிரு. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழ போனா அதுங்களால பெருக முடியாது, கடலோரத்துல அது கஷ்டம், அதனால படுக்கை விரிப்ப வாராவாரம் நல்ல சூடான தண்ணில, 60 டிகிரில துவைங்க, துணிய வீட்டுக்குள்ள காயப்போடாதீங்க, அலமாரிக்குப் பின்னாடி சுவத்துல பூஞ்சை கருப்பா படருதான்னு பாத்துட்டே இருங்க. வெயில் படாத கீழ்தளத்து வீட்ட எடுக்கவே எடுக்காதீங்க.

அவர் மட்டும் போறதப் பத்தி

மூச்சு சம்பந்தப்பட்ட காரணத்துக்காக மட்டும் குடும்பத்தப் பிரிக்கணும்னா, இப்போ நீங்க சொன்ன அளவு ஆஸ்துமாவுக்கு அது அவசியம்னு எனக்குப் படல. ஆனா முதல் மூணு மாசம் அவர் முன்னாடி போய் இருக்கிறது புத்திசாலித்தனம். ஒரு ஸ்கூல் லீவுல நீங்க பையனோட ரெண்டு வாரம் போய் தங்கிப் பாருங்க. அதுக்கு முன்னாடி இப்போ இருக்கிற வீட்டுல ரெண்டு வாரம், ஊதுற வேகத்த அளக்கிற பீக் ஃப்ளோ மீட்டர்ல காலையும் சாயங்காலமும் ஊத வெச்சு எழுதி வைங்க, 7 வயசுல சொல்லிக் குடுத்தா ஒழுங்கா ஊதுவான். அவனோட பெஸ்ட் நம்பர்ல 80 சதவீதத்துக்கு மேல நின்னா பச்சை. 50க்கும் 80க்கும் நடுவுல வந்தா ஏதோ சரியில்ல, டாக்டர் குடுத்த பிளான்படி போகணும். 50க்குக் கீழன்னா ஆஸ்பத்திரி. அந்த நோட்டுலயே பக்கத்துல காத்து எந்தப் பக்கம், என்ன வாசனை, அன்னிக்கு என்ன கப்பல்னு ஒரு வரி எழுதிக்கிட்டா போதும், கப்பல் விவரம் அவர்தான் தருவாரே. பார்சிலோனால செஞ்சதும் இதேதான்.

ஒப்பந்தம் போடும்போது வாடகைய முதல்ல குறுகிய காலத்துக்கு மட்டும் போடுங்க, அட்வான்ஸ் திரும்பி வர்ற நிபந்தனைய எழுத்துல வாங்குங்க.

கேட்டு வாங்கக் கூடியது

குவார்ட்டர்ஸ் வேண்டாம், அதுக்குப் பதிலா வாடகைப்படி குடுங்கன்னு கேக்க மருத்துவக் காரணம் போதும். சட்டம் நாட்டுக்கு நாடு, கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால கிடைச்சிடும்னு நான் உறுதி சொல்ல மாட்டேன், ஆனா பையனோட டாக்டர் கிட்ட ஒரு லெட்டர் வாங்கி, வேலைல சேர்றதுக்கு முன்னாடியே எழுத்துப்பூர்வமா கேளுங்க. சேந்து ஒரு வருஷம் கழிச்சு கேட்டா "இத்தன நாள் இருந்தீங்களே"ம்பாங்க. பெரிய துறைமுகங்கள்ல பெரும்பாலும் காத்துத் தர அளவீடு எடுத்து வெச்சிருப்பாங்க, அத கேக்கறதுக்கு கூச்சப்படாதீங்க. புது ஸ்கூல்ல ரிலீவர் இன்ஹேலர் (மூச்சு முட்டும்போது உடனே எடுக்கிறது) எங்க இருக்கும், யாரு குடுப்பாங்கன்னு முதல் நாளே பேசி முடிங்க, ஆபீஸ் ரூம்ல பூட்டி வெக்கறேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க.

வீட்டுக்காரர் விஷயத்துல ரெண்டு. வேலைத் துணிய அங்கயே மாத்திட்டு வரணும், தானியக் கப்பல் பக்கம் வேலைன்னா கண்டிப்பா, இல்லன்னா தூசிய அவரே வீட்டுக்குக் கொண்டு வந்து பையன கட்டிப் பிடிப்பார். இன்னொண்ணு, பூச்சி சாகறதுக்காக சில கன்டெய்னர்ல மீத்தைல் புரோமைடு, பாஸ்பீன் மாதிரி விஷ வாயு அடிச்சு அனுப்புவாங்க. எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கணும், எல்லாத்துலயும் இருக்காது. மீத்தைல் புரோமைடுக்கு வாசனையே தெரியாது. திறந்த கன்டெய்னருக்குள்ள காத்தோட்டம் விட்டு சோதிக்காம யாரும் போகக் கூடாது, கன்டெய்னர் அடுக்கி வெக்கிற யார்டு பக்கம் பசங்க விளையாடவே கூடாது.

ராத்திரி, சத்தம், தனியா இருக்கிறது

கப்பல் ஹார்ன் கேக்கும், ஆனா நீங்க நினைக்கிற மாதிரி ராத்திரி பூரா இல்ல. தூக்கத்த கெடுக்கறது லாரியும் ஃபோர்க்லிஃப்டும் ரிவர்ஸ் எடுக்கும்போது வர்ற பீப் பீப், அப்புறம் கப்பல் துணை இன்ஜினோட "ம்ம்ம்"ங்கிற அடித்தொண்டைச் சத்தம், அது ஜன்னல சாத்தினாலும் சுவர் வழியா வரும். ராத்திரி வெளிச் சத்தம் சராசரி 40 டெசிபலுக்குள்ள இருக்கணும்னு ஐரோப்பால உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு, துறைமுக எதிர்ல அது நடக்காத காரியம், ரெண்டு மூணு தெரு உள்ள போனா நடக்கலாம். பையனோட கட்டில ரோட்டுக்கு மறுபக்க ரூம்ல போடுங்க.

ஹார்னுக்கு ஒரு பாஷை இருக்கு, அத அவனுக்கு சொல்லிக் குடுங்க. ஒரு சின்ன ஹார்ன்னா கப்பல் வலப்பக்கம் திரும்புது, ரெண்டுன்னா இடப்பக்கம், மூணுன்னா இன்ஜின பின்னோக்கி ஓட்டுறாங்க, அஞ்சோ அதுக்கு மேலயோன்னா எதிர்க் கப்பல் என்ன பண்ணுதுன்னு புரியலங்கிற எச்சரிக்கை. மூடுபனில போற கப்பல் ரெண்டு நிமிஷத்துக்குள்ள ஒரு தடவ நீளமா ஊதும். பயமுறுத்துற சத்தத்துக்கு அர்த்தம் தெரிஞ்சா பசங்க ரெண்டே வாரத்துல எண்ண ஆரம்பிச்சிடுவாங்க, பெரியவங்களும்தான்.

உங்க பயம் நியாயமானது. ஆனா துறைமுக ஊர்ல ஒரு விஷயம் உங்களுக்குச் சாதகம், அங்க நைட் ஷிஃப்ட் போற வீடு நீங்க ஒருத்தர் மட்டும் இல்ல, கப்பல்ல மாசக்கணக்கா போயிடுறவங்களோட வீட்டம்மாங்க எத்தனையோ பேர் தனியாத்தான் இருக்காங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு கதவத் தட்டுனா திறக்கிற ஒரு வீட்ட முதல் வாரத்துலயே பிடிச்சு வைங்க, அந்த வீட்டுக்காரங்களுக்கு ஸ்பேசர எப்படி பிடிக்கறதுன்னு ஒரு தடவ காட்டிடுங்க. பக்கத்துல 24 மணி நேர எமர்ஜென்சி எது, அங்க போற வழில ரயில்வே கேட் இருக்கா, லாரி வரிசை அடைக்குமான்னு பகல்ல ஒரு தடவ, ராத்திரி ஒரு தடவ போய்ப் பாத்து வெச்சுக்குங்க.

எப்போ காத்திருக்கக் கூடாது

ஒரு வாக்கியத்த முழுசா பேச முடியாம மூச்சு வாங்கினா, விலா எலும்புக்கு நடுவுல தோல் உள்ள இழுத்தா, உதடு நீலமானா, ரிலீவர் போட்டு நாலு மணி நேரம் கூட தாங்கலன்னா அவர் ஷிஃப்ட் முடிஞ்சு வரட்டும்னு உக்காந்திருக்காதீங்க, ரிலீவர குடுத்துக்கிட்டே கிளம்பிடுங்க. அவசரம் இல்லாத அறிகுறி ஒண்ணு, வாரத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல ரிலீவர் தேவைப்பட்டாலோ ராத்திரி இருமி எழுந்தாலோ கன்ட்ரோல் நழுவுதுன்னு அர்த்தம், அந்த வாரமே டாக்டர பாருங்க. ரெண்டு மாசம் அப்படியே போச்சுன்னா, எல்லாம் சரியா பண்ணியும் நம்பர் இறங்கிட்டே இருந்துச்சுன்னா, அப்போ அவர் மட்டும் அங்க இருக்கிற மூணாவது வழிய மறுபடி யோசிப்போம், எனக்கு அந்த நோட்ட போட்டோ எடுத்து அனுப்புங்க.

கடைசியா ஒண்ணு, சாமான் ஏத்துற அன்னிக்கு ரெண்டு இன்ஹேலரையும் ஸ்பேசரையும் லாரில போற பெட்டில போட்டுடாதீங்க, உங்க கைப்பைலயே இருக்கட்டும், கூட ஒரு மாசத்துக்கு வேண்டிய ஸ்டாக்கும்.